புதுப் பொருள் செய்து பார்க்க அரசுப் பணம்: கொங்கு நாட்டுப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், பொள்ளாச்சி என்று எந்தப் பக்கம் போனாலும், "இந்த மிஷினை வேறு மாதிரி செய்யலாம்" என்று சொல்லும் பட்டறைக்காரர் ஒருவராவது இருப்பார். அதைச் செய்து பார்க்க அரசு பணம் தருகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கேட்டுப் போகிறவர்களில் யோசனை சரியில்லை என்று திரும்பி வருகிறவர்கள் குறைவு. கம்பெனி வகை சரியில்லை, பொருளைக் கண்காட்சியில் முன்கூட்டியே காட்டிவிட்டார்கள், பில் தேதி முந்திவிட்டது என்று திரும்புகிறவர்களே அதிகம். இதெல்லாம் முன்பே தெரிந்தால் தவிர்க்கக்கூடியவை.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் கிடைப்பது மிஷின் வாங்குவதற்கும் தொழில் தொடங்குவதற்குமான மானியம். ஆராய்ச்சிப் பணம் அப்படி அல்ல. விடை தெரியாத ஒரு கேள்வியைச் சோதித்துப் பார்க்கத் தரும் பணம் அது. "சி.என்.சி. மிஷின் வாங்க வேண்டும்" என்று எழுதினால் வேறு கதவுக்குப் போகச் சொல்வார்கள். "ஒரு டன் தென்னை நார்த்தூளை இப்போது கழுவும் தண்ணீரில் பாதியை வைத்தே கழுவி, ஏற்றுமதிக்குக் கேட்கும் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) அளவுக்கு உப்பை இறக்க முடியுமா" என்று எழுதினால் உட்கார வைத்துக் கேட்பார்கள். இந்த நார்த்தூள் கழுவும் மிஷினையே கட்டுரை முழுக்க உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

1. எந்தக் கதவு உங்களுடையது

இரண்டு சட்டங்களின் பெயர் அடிக்கடி காதில் விழும். ஒன்று, தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியச் சட்டம், 1995. மற்றது, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம், 2023. இந்தச் சட்டங்களைத் தரவிறக்கிப் படித்து யாருக்கு எவ்வளவு என்று தேட வேண்டாம். அமைப்பு, நிதியம், அதிகாரம் ஆகியவைதான் சட்டத்தில் இருக்கும். தொகை, தகுதி, தேதி ஆகியவை அந்தந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையிலும் விண்ணப்ப அழைப்பிலும் இருக்கும். அழைப்பு வரும் ஒவ்வொரு முறையும் அவற்றைப் புதிதாகப் படியுங்கள். போன வருடம் விண்ணப்பித்த நண்பர் சொன்னதை நம்பி எழுதாதீர்கள்.

உங்கள் பொருள் இருக்கும் நிலையைப் பொறுத்துத்தான் கதவு மாறும். இதை 1 முதல் 9 வரை எண் போட்டு டி.ஆர்.எல். (தொழில்நுட்பத் தயார்நிலை) என்பார்கள். காகிதத்தில் மட்டும் இருந்தால் 1, 2. சின்ன அளவில் செய்து பார்த்து "வேலை செய்யும்" என்று தெரிந்தால் 3. ஆய்வகச் சூழலில் அளந்து நிரூபித்தால் 4. உண்மையான களத்தில் ஓடினால் 6, 7. விற்பனைக்கு வந்துவிட்டால் 9.

யோசனையிலிருந்து முதல் மாதிரி வரை: மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைக்கும். தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளுக்கு மட்டுமே தருவார்கள், வெறும் சாப்ட்வேருக்குத் தரமாட்டார்கள். தமிழக அரசின் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில் 2 லட்சம், 5 லட்சம் என்று இரண்டு வவுச்சர்கள் உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இன்னோவேட்டிவ் திட்டத்தில், அங்கீகாரம் பெற்ற கல்லூரி வழியாக ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை கேட்கலாம். உயிர்த் தொழில்நுட்பம் சார்ந்த பொருளாக இருந்தால் மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் 'பிக்' மானியம் 50 லட்சம் வரை போகும். அதற்கான அழைப்பு ஜனவரி 1, ஜூலை 1 என்று வருடத்துக்கு இருமுறை வரும்.

மாதிரி தயாராகி, சந்தைக்குப் போகும் நேரம்: தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு நடத்தும் டான்சீட் என்ற தொடக்க நிதித் திட்டத்தில் 10 லட்சம் கிடைக்கும். பெண்கள் நடத்தும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புற வாழ்வாதாரம் என்றால் 15 லட்சம். ஆனால் பதிலுக்குக் கம்பெனியில் 3 சதவீதப் பங்கு கொடுக்க வேண்டும். பலர் இதைக் கையெழுத்துப் போடும் நாளில்தான் கவனிக்கிறார்கள். வீட்டில் அப்பா, அண்ணன், தம்பி சேர்ந்து நடத்தும் கம்பெனி என்றால் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பெரிய அளவு: தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் திட்டச் செலவில் பாதி வரை 5 சதவீதத் தனி வட்டிக்குக் கடனாகத் தரும். இது மானியம் அல்ல. சொத்துப் பிணையும் உத்தரவாதமும் கேட்பார்கள். மீதிப் பாதியை எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள் என்பதற்கும் காகிதம் வேண்டும். ஆராய்ச்சி நிலையில் இருப்பதற்கு இங்கே போகாதீர்கள். ஆராய்ச்சி முடிந்து தயாரிப்புக்குப் போகும் பொருளுக்கான இடம் இது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆர்.டி.ஐ. (ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கம்) திட்டத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் நிறையப் பேர். அதிலும் மானியம் கிடையாது. டி.ஆர்.எல். 4-ஐயோ அதற்கு மேலோ எட்டிய திட்டங்களுக்கு, செலவில் பாதி வரை, நீண்ட காலக் கடனாகவோ பங்கு முதலீடாகவோதான் வரும். பணம் அனுசந்தான் அறக்கட்டளையிலிருந்து நேராக உங்களுக்கு வராது, இரண்டாம் நிலை நிதி மேலாளர்கள் வழியாக வரும். 10 லட்சம் தேவைப்படும் பட்டறைக்கு இந்தத் திட்டம் பொருந்தாது.

பாதுகாப்புத் துறைக்கு உதிரிபாகம் செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டம் தனி வழி. 1.5 கோடி வரை தருவார்கள், அதற்குச் சமமான பங்கை நீங்கள் போட வேண்டும். கொடிசியா (கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கம்) வளாகத்தைச் சேர்ந்த புத்தாக்க மையம் இதற்குக் கோவையில் கூட்டாளி அமைப்பு.

அனுசந்தான் அறக்கட்டளையின் ஆராய்ச்சி மானியங்கள் பெரும்பாலும் கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கானவை. பேராசிரியர் ஒருவர் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பித்து, நீங்கள் தொழில் பங்குதாரராகச் சேரலாம். அப்படிச் சேர்ந்தால் 3-ம் படியில் காப்புரிமை யார் பேரில் என்று சொல்லியிருப்பதை விட்டுவிடாதீர்கள்.

2. கம்பெனி வகையை இப்போதே சரிசெய்யுங்கள்

நம் பக்கம் பெரும்பாலான பட்டறைகள் தனியுரிமைத் தொழில்தான், அதாவது ஒருவர் பேரில் நடக்கும் புரொப்ரைட்டர்ஷிப். அந்த வகைக்கு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (வரம்புக்குட்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை போன்றவைக்குத்தான் கிடைக்கும். தனிநபராகவே விண்ணப்பிக்க இடம் தரும் திட்டங்களும் உண்டு, நிதி-பிரயாஸ் அப்படிப்பட்டது. ஆனால் டான்சீட்டுக்கு அங்கீகாரம் வேண்டும்.

இங்கே கொங்குக் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. அப்பாவின் பவுண்டரியிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து மகன் பேரில் புதுக் கம்பெனி ஆக்கினால் அது ஸ்டார்ட்அப் அல்ல. இருக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவாக்கிய நிறுவனத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. பழைய மிஷின், பழைய வாடிக்கையாளர், பழைய ஆர்டர் ஆகியவற்றைப் புதுக் கம்பெனிக்கு மாற்றாதீர்கள். புதுக் கம்பெனி புதுப் பொருளை மட்டும் செய்யட்டும். அப்பாவின் பட்டறையில் இடம் எடுத்தால் வாடகை ஒப்பந்தம் எழுதி, வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள்.

உதயம் பதிவுக்கும் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கும் அரசுக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. தேடினால் முதலில் வரும் இணையதளங்கள் பல 2,000, 3,000 என்று வாங்கும் தனியார் தளங்கள். முகவரி அரசு தளத்தின் முகவரிதானா என்று பார்த்துவிட்டு ஆதார் எண்ணைப் போடுங்கள். கிடைக்கும் மானியத்தில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் பேசும் ஆளையும் தள்ளி வையுங்கள். எந்தத் திட்டத்துக்கும் தரகர் தேவையில்லை.

இந்தப் படி முடிய ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பதிவு, பான், வங்கிக் கணக்கு, உதயம், அங்கீகாரம் என்று ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும்.

3. யாருக்கும் காட்டுவதற்கு முன் காப்புரிமை விண்ணப்பம்

கொடிசியாவில் இன்டெக் வருகிறது, அக்ரி இன்டெக்ஸ் வருகிறது, ஸ்டால் போட்டு மாதிரியைக் காட்டுவோம் என்று தோன்றும். விண்ணப்பம் போடாமல் காட்டாதீர்கள். பொதுவெளியில் காட்டிய பொருள் "புதியது" என்ற தகுதியை இழந்துவிடும். காப்புரிமைச் சட்டத்தின் 31-ம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும்தான், அதிலும் 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஊர்க் கண்காட்சி எல்லாம் அதில் வரும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். யூடியூபில் வீடியோ போடுவதும், வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்புவதும்கூட ஆபத்துதான்.

பொருள் முழுமையாகத் தயாராகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் இருக்கிறது. இந்த 12 மாதம் தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், நீட்டிப்புக் கிடைக்காது. தேதியைப் பட்டறை நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள்.

செலவு: தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கைக் கட்டணம் 4,000 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு இவை 8,000, 20,000. சலுகைக் கட்டணத்துக்குப் படிவம் 28-ஐ உதயம் சான்றிதழோடு அல்லது ஸ்டார்ட்அப் சான்றிதழோடு சேர்க்க வேண்டும். சேர்க்க மறந்தால் வித்தியாசத்தைக் கேட்பார்கள். 30 பக்கத்துக்கும் 10 உரிமைக் கோரல்களுக்கும் மேல் போனால் கூடுதல் கட்டணம். இதெல்லாம் அரசுக் கட்டணம் மட்டும். எழுதித் தரும் காப்புரிமை முகவரின் கட்டணம் தனி. தமிழ்நாட்டு விண்ணப்பங்களுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. எல்லாம் இணையத்திலேயே முடியும், அலைய வேண்டியதில்லை.

உதயம் பதிவு உள்ளவர்களுக்கு இன்னோவேட்டிவ் திட்டத்தில் உள்நாட்டுக் காப்புரிமைக்கு 1 லட்சம் வரை, வெளிநாட்டுக் காப்புரிமைக்கு 5 லட்சம் வரை திரும்பக் கிடைக்கும். காப்புரிமை கிடைத்த பிறகு கேட்கும் பணம் இது. ஆகவே முகவரின் ஒவ்வொரு பில்லையும், ஒவ்வொரு கட்டண ரசீதையும் முதல் நாளிலிருந்தே ஒரே கோப்பில் வையுங்கள்.

கல்லூரியோடு சேர்ந்து செய்தால், வேலை தொடங்கும் முன் ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள். சோதனை மட்டும் செய்து தருகிறார்களா, கண்டுபிடிப்பில் பங்கு இருக்கிறதா என்பதை அதில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுத வேண்டும். கட்டணம் கட்டிச் சோதித்தால் உரிமை உங்களுடையது. சேர்ந்து ஆராய்ந்தால் பங்கு பிரியும். நட்பில் வாய்ப்பேச்சாக விட்டுவிட்டு, பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

4. இப்போதிருக்கும் நிலையை எண்ணாக்குங்கள்

"என் மிஷின் நல்லா ஓடுதுங்க" என்பது தேர்வுக் குழுவுக்குப் போதாது. எதை, எவ்வளவு, எந்தச் சோதனை முறையில் என்று எண் வேண்டும். நமக்கு வசதி என்னவென்றால் சோதனைக்கூடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. பம்ப், மோட்டாருக்குச் சிடார்க், நூல், துணிக்குச் சிட்ரா, விவசாயக் கருவிக்கும் விளைபொருளுக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். நீர்மூழ்கிப் பம்ப் செட் என்றால் ஐ.எஸ். 8034 தரத்தின்படி சோதித்த அறிக்கையோடு போங்கள். சொந்தப் பட்டறையில் அளந்த எண்ணைவிட வெளி ஆய்வக அறிக்கைக்கு மதிப்பு அதிகம்.

நார்த்தூள் மிஷினுக்கு எதை அளப்பது? இப்போதைய முறையில் ஒரு டன்னுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மணி நேரம், கழுவும் முன் ஈ.சி. எவ்வளவு, பின் எவ்வளவு. பிறகு உங்கள் சின்ன மாதிரியில் அதே நான்கு எண்கள். ஒரே களத்தின் நார்த்தூளை எடுத்து, ஒரே கிணற்றுத் தண்ணீரில், குறைந்தது ஐந்து தடவை செய்யுங்கள். பொள்ளாச்சித் தண்ணீரும் காங்கேயத் தண்ணீரும் ஒன்றல்ல. தண்ணீரின் உப்பை எழுதாமல் விட்டால் முதல் கேள்வியே அங்கேதான் வரும். கிடைத்த எண் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தானே பணம் கேட்கிறீர்கள்.

5. மையத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான மானியங்கள் டெல்லியிலிருந்து நேராக வராது, தொழில் ஊக்குவிப்பு மையம் வழியாக வரும். கோவையில் பி.எஸ்.ஜி. ஸ்டெப், ஃபோர்ஜ், வேளாண் பல்கலைக்கழக மையம் இருக்கின்றன. பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியின் டி.பி.ஐ. மையம் இருக்கிறது. எல்லா மையமும் எல்லாத் திட்டத்தையும் நடத்தாது. இப்போது எந்தத் திட்டத்துக்கு அழைப்பு இருக்கிறது, தேர்வுக் குழு எப்போது கூடுகிறது, பணம் வந்த பிறகு மையம் ஏதாவது கட்டணமோ பங்கோ கேட்குமா என்ற மூன்றையும் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே பொருளுக்கு ஒரே செலவை இரண்டு திட்டங்களில் காட்டாதீர்கள். மற்ற அரசு உதவிகளைப் பட்டியலிடச் சொல்லி எல்லா விண்ணப்பத்திலும் ஒரு பகுதி இருக்கும், அதை மறைத்தால் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். மாதிரிக்கு ஒன்று, சந்தைக்கு இன்னொன்று என்று கட்டம் கட்டமாக வாங்குவதில் தவறில்லை.

6. பட்ஜெட்

10 லட்சத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு: உலோகம், உதிரிபாகம் 3,40,000. வெளிப் பட்டறையில் வெட்டு, வெல்டிங், பெயின்ட் 2,30,000. சென்சார், கட்டுப்பாட்டுப் பலகை 1,20,000. வரைபடம், வடிவமைப்பு வேலை 1,00,000. ஆய்வகச் சோதனை 90,000. காப்புரிமை 50,000. எதிர்பாராச் செலவு 40,000. பயணம் 30,000. தலைப்புகளும் ஒவ்வொன்றின் உச்ச வரம்பும் திட்டத்துக்குத் திட்டம் மாறும், நெறிமுறையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் தவறும் இடம் சோதனைத் தலைப்பு. எல்லாப் பணத்தையும் இரும்பில் போட்டுவிட்டுக் கடைசியில் அளக்கக் காசு இருக்காது. மாதிரி முதல் தடவையிலேயே சரியாக வராது, இரண்டாவதாக ஒன்று செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்தே உலோகக் கணக்கைப் போடுங்கள்.

ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் வையுங்கள். மூன்றும் ஒரே லெட்டர்பேட் நடையில், ஒரே நாளில், ஒரே எழுத்துப் பிழையோடு இருந்தால் குழுவுக்குப் புரிந்துவிடும். சொந்தக்காரர் கம்பெனியிடமோ உங்கள் இன்னொரு கம்பெனியிடமோ வாங்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் உறவை எழுத்தில் சொல்லி முன் அனுமதி வாங்குங்கள்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு கண்ணி இருக்கிறது. வாங்கிய பொருளின் வரியை உள்ளீட்டு வரவாக (இன்புட் டாக்ஸ் கிரெடிட்) எடுத்துக்கொண்டு, அதே வரியை மானியச் செலவாகவும் காட்டக் கூடாது. எதில் காட்டுவது என்பதை முதல் பில்லுக்கு முன்பே ஆடிட்டரிடம் முடிவு செய்யுங்கள். மானியம் வருமானமாகக் கணக்காகுமா, சொத்தின் விலையில் கழியுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் கேட்டால் தாமதமாகிவிடும்.

7. குழு முன்னால்

பத்து நிமிடம் பேசச் சொல்வார்கள், பிறகு கேள்வி. மாதிரியையோ, அது முடியாவிட்டால் வெட்டாத வீடியோவையோ கொண்டு போங்கள். உலகச் சந்தை இத்தனை கோடி டாலர் என்ற ஸ்லைடை எடுத்துவிட்டு, உங்கள் பொருளை வாங்குவதாகச் சொல்லும் மூன்று நார்த்தூள் களங்களின் கடிதத்தை வையுங்கள். தமிழில் பேசலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். உள்ளூர் மையங்களில் பெரும்பாலும் தடை இருக்காது. திக்கித் திணறி இங்கிலீஷில் பேசி, தெரிந்த விஷயத்தையே தெரியாதது போலக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

கட்டாயம் வரும் கேள்விகள்: இதே போல் ஏற்கெனவே சந்தையில் என்ன இருக்கிறது? பக்கத்துப் பட்டறைக்காரர் பார்த்துச் செய்ய எத்தனை நாள் ஆகும்? முழுநேரம் இதில் இருப்பது யார்? சோதனை தோற்றால் அடுத்து என்ன?

8. பணம் வந்த பிறகு

விண்ணப்பித்த நாளிலிருந்து முதல் தவணை வர ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு கைக்காசைத் திட்டமிடுங்கள். தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியக் கடன் என்றால் ஒரு வருடம். "வந்துவிடும், எடுத்துப் போடுவோம்" என்று ஒப்புதல் கடிதத்துக்கு முன்பு வாங்கிய பொருளின் பில் செல்லாது. கடிதத்தில் திட்டம் தொடங்கும் தேதி இருக்கும், அதற்குப் பிந்திய பில்தான் கணக்கு.

தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பட்டறையின் நடப்புக் கணக்கில் மானியத்தைப் போட்டு, அவசரத்துக்குக் கூலி கொடுத்துவிட்டுப் பிறகு நிரப்புவது தணிக்கையில் அப்படியே தெரியும். ரொக்கம் வேண்டாம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரித் துறையும் ஏற்காது.

அடுத்த தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டும். மத்திய அரசு மானியத்துக்குப் பொதுவாக ஜி.எஃப்.ஆர். (பொது நிதி விதிகள்) 12-ஏ படிவம், ஆடிட்டர் சான்றளித்த செலவுக் கணக்கு, வேலை முன்னேற்ற அறிக்கை ஆகிய மூன்றும் ஒன்றாகப் போக வேண்டும். மூன்றிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசமும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். நிதியாண்டு முடிந்து ஏப்ரலில் ஆடிட்டரைத் தேடினால் அவர் கையில் ஐம்பது கோப்பு இருக்கும். பிப்ரவரியிலேயே வரைவைத் தயார் செய்து கொடுங்கள்.

கணக்கில் மானியப் பணத்துக்குச் சேர்ந்த வட்டி உங்களுடையது அல்ல, அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். மானியத்தில் வாங்கிய கருவியை அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. கருவியில் திட்டப் பெயரும் வாங்கிய தேதியும் எழுதி ஒட்டி, சொத்துப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். பார்வையிட வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

ஒரு தலைப்பில் மிஞ்சிய பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமென்றாலும், காலம் போதவில்லை என்றாலும், செலவு செய்யும் முன், காலம் முடியும் முன் கடிதம் கொடுங்கள். முடிவு தேதிக்கு மூன்று மாதம் முன்பே, இதுவரை எடுத்த சோதனை எண்களை இணைத்து நீட்டிப்புக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். தேதி கடந்த மறுநாள் செய்த செலவு, எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், உங்கள் சொந்தச் செலவுதான்.